ஐந்தாம் கவுண்டரின் இரண்டு நிற ஜாக்கெட்

போன வாரம் ஷீலா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று வந்த கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் இப்போது இரண்டாம் கவுண்டரில் உட்காருகிற பெண். எடுத்ததும் நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"மேடம், இங்க எல்லாரும் ஒரே பரேஷான்ல இருக்கோம். லேடீஸ் எல்லாம் இனிமே சேலைக்கு மேல சாம்பல் கலர் கோட்டு போடணுமாம். கழுத்துலேருந்து மணிக்கட்டு வரைக்கும் மூடி. ஜென்ட்ஸுக்கு வெறும் பேட்ஜ். இந்த போர்ட் பிளேர் வெயில்ல கோட்டு மேடம்!"

"போடாதீங்க," என்றேன்.

"அதுக்குத்தான் மனு எழுதுறோம். நீங்க அந்தக் காலத்துல சண்ட போட்டு ஆர்டர் வாங்குனீங்களாமே, யார் எந்தக் கலர் ஜாக்கெட் வேணாலும் போடலாம்னு. மரகதம் அக்காவுக்காக. அத எப்படி வாங்குனீங்கன்னு எழுதிக் குடுங்க, மனுவோட சேத்து வைக்கிறோம்."

சண்டை போட்டேனாம். கேட்டதும் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அப்புறம் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஹாலில் என்னைப் பற்றி இப்படி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போர்ட் பிளேர் மின்னி பேயில் இருக்கிற என் வீட்டில் சாப்பாட்டு மேசையை ஒதுக்கி வைத்து நாலு நாளாக எழுதுகிறேன். எழுத எழுதத் தெளியும் என்பார்கள். எனக்குக் குழம்பிக்கொண்டேதான் போகிறது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் பரமக்குடிப் பக்கம். கல்யாணமாகி, மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே இந்தத் தீவுக்கு வந்தவள். அடுத்த வருஷம் டிக்கெட் கிளார்க் வேலை கிடைத்தது. ஆறு மாதப் பயிற்சி. கற்றுக்கொண்டதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்: படிவத்தின் பின்பக்கத்தை முதலில் பார், தீவுவாசிகளுக்கான அடையாள அட்டையில் போட்டோவைப் பார், டிக்கெட்டில் பெயரை எழுதும் முன் ஒரு தடவை சத்தமாகப் படி. ஹிந்தியை வரிசையில் நின்றவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் பேசியது வங்காளி ஹிந்தி, தெலுங்கு ஹிந்தி, நிக்கோபாரி ஹிந்தி. நான் பேசியது பரமக்குடி ஹிந்தி. யாரும் யாரையும் திருத்தவில்லை, எல்லோருக்கும் டிக்கெட் கிடைத்தது.

இனி சொல்லப்போகிறது புரிய வேண்டுமானால் எங்கள் கவுண்டர் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். மொத்தம் ஆறு. கண்ணாடி இருந்தது, ஆனால் கண்ணாடி என்று சொல்ல முடியாது. கப்பல் நேரம், ரத்தான கப்பல், காற்று எச்சரிக்கை, அந்த எச்சரிக்கை ரத்து என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் காகிதம் ஒட்டி ஒட்டி, அந்தப் பக்கம் மனிதர் நிற்கிறாரா மாடு நிற்கிறதா என்று தெரியாது. கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. பயணி குனிந்து பார்த்தால் எங்கள் முகம் தெரியாது. தோளிலிருந்து விரல் நுனி வரைதான் தெரியும். டிக்கெட் அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் வெறும் கைகள்தான்.

சேலை அலுவலகம் கொடுத்தது. நீலம், வெள்ளைக் கரை, எல்லோருக்கும் ஒன்றுபோல. ஜாக்கெட்டைப் பற்றி உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. எழுதிய மகராசன் மறந்துவிட்டார், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அதனால் சேலையில் அடக்கி வைத்த ஆசையெல்லாம் ஜாக்கெட்டில் வந்து நின்றது. மூன்றாம் கவுண்டர் சிப்ரா தீதிக்குச் சிவப்பைத் தவிர வேறு நிறமே கண்ணில் படாது; கை மட்டும் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும். கவுண்டர் எண் எழுதிய பலகையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. படிக்கத் தெரிந்தவர்களும் பார்ப்பதில்லை. "லால் பிளவுஸ்வாலி தீதி கிதர் பைட்டா?" என்று, சிவப்பு ஜாக்கெட் அக்கா எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஊருக்குப் போய் அடுத்த ஆளை அனுப்பும்போதும் சிவப்புக் கையிடம் போ, பச்சைக் கையிடம் போகாதே, அது எரிந்து விழும் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள்.

எனக்கு அப்படி எதுவும் கிடையாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை ஜாக்கெட், முழங்கை வரை கை, அவ்வளவுதான். ஸ்டைல் என்ற பேச்சே ஆகாது எனக்கு. ஒரு நாள் வரிசையில் ஒரு தெலுங்குக்காரர், "பின்வாலி மேடம் இருக்காங்களா?" என்று கேட்டார். யார் அது என்று நானே எட்டிப் பார்த்தேன். நான்தான். இடது கை ஓரத்தில் எப்போதும் ஏழெட்டு ஊக்கு குத்தி வைத்திருப்பேன், படிவங்களைச் சேர்த்துக் குத்த. ஊர் முழுக்க அதுதான் என் பெயராம்.

எங்களுக்கு மேலே தத்தா சாப். சூப்பர்வைசர். ரங்கத் பக்கத்தில் குடியேறிய வங்காளி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், பையில் இரண்டு பேனா. பெண் ஊழியர்களிடம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், சுழலுகிற மின்விசிறியைப் பார்த்துப் பேசுவார். நல்ல மனிதரா கெட்ட மனிதரா என்று இருபது வருஷம் கூட வேலை பார்த்தும் எனக்குத் தீர்மானம் பண்ண முடியவில்லை. தினமும் ஒன்பதுக்குக் கால் மணி நேரம் முன்பு எங்களையெல்லாம் உட்காரச் சொல்லிவிட்டு அவர் பயணிகள் பக்கம் போவார். முதல் கவுண்டர் திறப்பின் முன்னால் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிவார். உள்ளே பார்ப்பார். "டீக்" என்பார், சரி என்று. நிமிர்ந்து அடுத்த கவுண்டர். மறுபடி குனிவார். ஆறு தடவை குனிந்து ஆறு தடவை நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போவார். மழைநாளிலும் இது தவறாது.

ஏதாவது சரியில்லை என்றால் அங்கேயே சொல்ல மாட்டார். கவுண்டர் பொறுப்பு என்னிடம் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டு மின்விசிறியிடம் சொல்வார். ஜாக்கெட் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. "பரமேஸ்வரி ஜி, வோ... ஊபர்வாலா கப்டா..." என்று, மேலே போடுகிற துணி என்கிற அர்த்தத்தில் இழுப்பார். காது சிவந்துவிடும். நாங்கள் வெளியே வந்து சிரிப்போம்.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் மரகதம் வந்தாள். அவளுடைய ஆட்கள் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேர் வந்துவிட்டார்கள். தினக்கூலி வேலை, டி.ஆர்.எம். என்போம். நிரந்தரம் இல்லை, நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது. ஆனால் வேலையில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. தமிழும் ஹிந்தியும் போக நிக்கோபாரியும் பேசுவாள். கச்சால், நான்கௌரி போகிறவர்களுக்காகவே அவளை ஐந்தாம் கவுண்டரில் உட்கார வைத்தேன்.

முதல் நாள் அவள் வந்து நின்றதும் பார்த்தேன். ஜாக்கெட்டின் இடது கை கிளிப்பச்சை. வலது கை மாம்பழ மஞ்சள். உடம்பு காப்பிக்கொட்டை நிறம். மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரே ஜாக்கெட்டில் எதை மாற்றுவது? மறு நாள் ஒரு கை பூப்போட்டது, ஒரு கை கட்டம். அதற்கடுத்த நாள் வேறு.

மூன்றாவது நாள் தனியாகக் கூப்பிட்டேன். "ஏத்தா, துணி பத்தலையா?"

"பத்துதுங்க மேடம்."

"அப்புறம் ஏன் இப்படி ஒட்டுப் போட்டுத் தச்சிருக்க?"

"ஒட்டு இல்லீங்க. அப்படியே தச்சது."

"வேண்டுதலா?"

சிரித்தாள். "இதுக்கெல்லாம் என்னா வேண்டுதல் மேடம்? புடிச்சிருக்கு, போடுறேன்."

அது ஒரு பதிலா? என்னால் ஏற்க முடியவில்லை. மனிதர்கள் காரணமில்லாமல் எதையும் செய்ய மாட்டார்கள் என்பது என் எண்ணம், அதுவும் தினக்கூலியில் இருக்கிற பெண். நானாக ஒரு கதை கட்டினேன். சுனாமியில் யாரையோ பறிகொடுத்திருக்கிறாள், அவர்கள் துணிகளைத்தான் வெட்டி வெட்டித் தைத்துப் போட்டுக்கொள்கிறாள் என்று. இரண்டு நாள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கியது. தாங்காமல் கேட்டே விட்டேன். அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள்.

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க மேடம்! எங்க வீட்டுல எல்லாரும் மேல தோட்டத்துல இருந்தோம், ஒரு ஆளுக்கும் ஒண்ணும் ஆகல. இது பஜார்ல வாங்குன புதுத் துணி தானே."

மூக்குடைபட்டதுதான் மிச்சம். சரி, வறுமைதான் போல, சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, அடுத்த வாரம் நல்ல ரோஸ் நிறத்தில் ஒரு முழு ஜாக்கெட்டுக்கான துணி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திங்கட்கிழமை வந்தாள். வலது கை என் ரோஸ் துணி. இடது கை கரும்பச்சை. "நல்லாருக்கா மேடம்?" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு வந்த கோபத்தில் படிவக் கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஒரு மாதத்தில் நிக்கோபார் பக்கத்துச் சனங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. நிறம் தினமும் மாறினாலும் இரண்டு கையும் இரண்டு விதமாக இருப்பது மாறாதே. குனிந்து பார்ப்பார்கள், இரண்டு நிறக் கை தெரிந்தால் அந்த வரிசையில் நிற்பார்கள். தத்தா சாப் ஐந்தாம் கவுண்டரில் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் குனிந்திருப்பார். "டீக்" என்றுதான் சொல்லுவார், ஆனால் கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். ஏழு வருஷம் இப்படியே போனது.

ஏழாவது வருஷம், தினக்கூலி ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மரகதத்துக்கு வயது வரம்பு முடிய ஆறு மாதம்தான் இருந்தது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், சாகும்வரை தினக்கூலி. ஒவ்வொரு ஆளைப் பற்றியும் நான் குறிப்பு அனுப்ப வேண்டும். வேலை, வருகை, நடத்தை, கடைசியாக 'உடையும் தோற்றமும்'. அந்த நேரம் பார்த்தா மேலதிகாரி ஒருவர் ஹாலைப் பார்வையிட வர வேண்டும்? வந்தார். ஐந்தாம் கவுண்டர் திறப்பில் ஒரு நீலக் கையும் ஒரு ஆரஞ்சுக் கையும் டிக்கெட் நீட்டுவதைப் பார்த்தார். "யே சர்க்காரி கவுண்டர் ஹை யா டெய்லர் துக்கான்?" என்றார். அரசாங்கக் கவுண்டரா, தையல் கடையா என்று. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தத்தா சாப் சிரிக்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "ஊபர்வாலா கப்டா... ஏதாவது பண்ணுங்க, லிஸ்ட் போகிற நேரம்," என்றார்.

நான் நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். இதைப் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதுவேன். சேலை நிறத்திலேயே இரண்டு ஜாக்கெட் துணி வாங்கினேன். அவளிடம் எப்படிப் பேசுவது என்று முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்தேன். அவள் மறுத்தால் இப்படிச் சொல்ல வேண்டும், அழுதால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அரை மணி நேரப் பேச்சு தயாராக இருந்தது.

"மரகதம், லிஸ்ட் போற வரைக்கும் இத தச்சுப் போட்டுக்க. ரெண்டு கையும் ஒண்ணா. ரெண்டு வாரம்தான்," என்று ஆரம்பித்தேன்.

"சரிங்க மேடம்," என்றாள். துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஏழு வருஷம் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே போட்டவள், ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிட்டாளே, அப்படியானால் அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லையா? நான்தான் ஊதிப் பெரிதாக்கிக்கொண்டேனா? இரண்டு நாளில் தைத்து நீல ஜாக்கெட்டில் வந்தாள். தத்தா சாப் குனிந்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் குனிந்திருந்தார். "டீக்" என்றார்.

அன்றைக்குக் கச்சால் கப்பல். அதற்கு முந்தின நாள், பழைய ஜாக்கெட்டின் கடைசி நாளில், ஒரு நிக்கோபாரிப் பெண் மரகதத்திடம் வந்திருக்கிறாள். ஆக்னஸ் என்று பெயர். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தவள், ஊர் திரும்ப வேண்டும். படிவத்தோடு ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. மரகதம் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல சீட்டோட நேரா எங்கிட்ட வா, ரெண்டு இடம் புடிச்சு வெச்சிருக்கேன்," என்று அவர்கள் பாஷையில் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எங்கள் வேலையில் இது தினமும் நடப்பதுதான்.

மறு நாள் ஆக்னஸ் எட்டரைக்கே வந்துவிட்டாள். கவுண்டர் திறந்ததும் ஒன்று ஒன்றாக ஆறு திறப்பிலும் குனிந்து பார்த்தாள். இரண்டு நிறக் கை இல்லை. ஐந்தில் யாரோ நீலக் கை. அக்கா இன்னும் வரவில்லை போல என்று எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்தடி தூரம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். உள்ளே மரகதம் அவளுடைய படிவத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நடுவே ஆக்னஸ், ஆக்னஸ் என்று திறப்பு வழியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானே காதால் கேட்டேன். கப்பல் நாள் இரைச்சலில் அது வரிசையில் இரண்டாவது ஆளுக்குக்கூடக் கேட்டிருக்காது.

பன்னிரண்டரைக்கு அந்தக் கப்பலுக்கான டிக்கெட் முடியும். எடுக்காத இடங்களைக் காத்திருப்புப் பட்டியலுக்குக் கொடுத்துவிட வேண்டும், அது விதி. மரகதம் மேலும் ஐந்து நிமிஷம் கேட்டாள். கொடுத்தேன். பிறகு அந்த இரண்டு இடத்தையும் நானே கொடுக்கச் சொன்னேன்.

டீ குடிக்கப் பக்கக் கதவு வழியாக வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெஞ்சில் ஒரு பெண், மடியில் ஆறு வயதுக் குழந்தை, காலில் இடுப்பு வரை மாவுக்கட்டு. மரகதம் ஓடிப்போய் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். குரலைக் கேட்டதும் அந்தப் பெண் எழுந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. மரகதத்தின் இடது கையைப் பார்த்தாள், வலது கையைப் பார்த்தாள்.

"என்னா சொல்றா?" என்று கேட்டேன்.

"ரெண்டு கலரத் தேடுனாளாம் மேடம். காணலையாம். நான் லீவுன்னு நெனச்சாளாம்."

நான் கப்பலுக்கே ஓடினேன். கெஞ்சினேன். ஓரிடம்கூட இல்லை. அடுத்த கப்பல் பத்து நாள் கழித்து. அந்தக் கட்டோடு குழந்தையை வைத்துக்கொண்டு ஆக்னஸ் பத்து நாள் பயணிகள் விடுதி வராந்தாவில் கிடந்தாள். கடல் மேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு, முதல் தடவை வாந்தி எடுத்தபோதுகூட வரவில்லை.

மூன்றாம் நாளே புகார் வந்துவிட்டது. அவர்கள் ஊர்த் தலைவரை கேப்டன் என்பார்கள், அவர் எழுதியிருந்தார். ஐந்தாம் கவுண்டர் ஊழியர் வரச் சொல்லிவிட்டு, காலை முழுக்க எதிரிலேயே காத்திருந்த பெண்ணை ஏமாற்றி, இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்று. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பட்டியல் போக ஐந்து நாள் இருந்தது. புகார் நிலுவையில் இருக்கிற ஆளின் பெயர் பட்டியலில் போகாது.

தத்தா சாப் மின்விசிறியிடம், "நாலு மணிக்குள்ள எக்ஸ்பிளனேஷன் வேணும்," என்றார்.

நான் எழுத உட்கார்ந்தேன். 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்தது, மரகதத்தின் வேலையும் முடிந்தது. 'பயணி கவுண்டருக்கு வரவில்லை' என்று இன்னொரு தாளில் எழுதிப் பார்த்தேன். நிஜம்தான். ஆனால் அந்தப் பெண் எட்டரையிலிருந்து உட்கார்ந்திருந்ததை இருநூறு பேர் பார்த்திருக்கிறார்கள்; நானும் பார்த்திருக்கிறேன், யாரோ என்று நினைத்து. அந்தத் தாளையும் கிழித்தேன். மூன்றாவதாக எழுதினேன்: பயணிகள் கவுண்டரை ஊழியரின் ஜாக்கெட் கையைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறார்கள், ஏழு வருஷ அடையாளத்தை நான் ஒரே நாளில் மாற்றச் சொன்னேன், பயணிகளுக்கு அறிவிக்கவில்லை, அதனால் பயணியால் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை, தவறு என்னுடையது.

படித்துப் பார்த்தால் எனக்கே மானம் போனது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அரசாங்கக் கோப்பில் ஜாக்கெட் கையைப் பற்றி எழுதுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அவளைக் காப்பாற்றக் கட்டிய கதை என்பார்கள். ஆனாலும் கொண்டுபோய் வைத்தேன்.

தத்தா சாப் படித்தார். காது சிவந்தது. மறுபடி படித்தார். பிறகு எழுந்து ஹாலுக்குப் போனார். சாயங்காலம் மூன்றரை மணிக்கு அவர் அந்தப் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை. ஐந்தாம் கவுண்டர் முன்னால் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். நாலாவதுக்குப் போய்க் குனிந்தார். அங்கேயும் அன்று நீல ஜாக்கெட்தான், மரகதத்தைப் பார்த்துப் பயந்து அந்தப் பெண்ணும் மாற்றியிருந்தாள். மறுபடி ஐந்துக்கு வந்து குனிந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"முஜே பீ மாலூம் நஹி படா, கௌன் பைட்டா ஹை," என்றார். எனக்கும் தெரியவில்லை, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அதையே என் தாளின் அடியில் தன் கையால் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் பெயரையும் சேர்த்து மாட்டிக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து? அன்றைக்கு மட்டும் அந்த மனிதருக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புகார் மரகதத்தின் மேலிருந்து நீங்கியது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன். பட்டியலில் அவள் பெயர் போனது, நிரந்தரமும் ஆனது. ஆணைத் தாளை வாங்கிக்கொண்டு வந்து என் மேசை முன் நின்று விசும்பி விசும்பி அழுதாள். நானும் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்? அதோடு தத்தா சாப் ஒரு உத்தரவையும் தட்டச்சு செய்து ஒட்டினார். கவுண்டர் பெண் ஊழியர்கள் சேலையோடு மேலே தங்கள் விருப்பப்படி எந்த நிற ஆடையும் அணியலாம், பயணிகள் வசதிக்காக அவரவர் வழக்கத்தைத் தொடரலாம் என்று. சிப்ரா தீதி எல்லோருக்கும் ரசகுல்லா வாங்கினாள். ஷீலா கேள்விப்பட்ட ஆர்டர் இதுதான்.

மறு நாள் காலையில் மரகதம் எந்த இரண்டு நிறத்தில் வருவாள் என்று நாங்கள் பந்தயம் கட்டாத குறைதான். நீல ஜாக்கெட்டில் வந்தாள். சரி, துவைத்துப் போட்டிருப்பாள், மற்றதை எடுக்க நேரமில்லை என்று விட்டேன். அடுத்த நாளும் நீலம். அடுத்த மாதமும். நிக்கோபார் சனங்கள் கொஞ்ச நாள் தடுமாறினார்கள், பிறகு பலகை எண்ணைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக நான் அந்தத் தாளை எழுதினேன்? இந்தக் கைக்காகத்தானே? கேட்டால் நன்றிக்கடன் கேட்பது போல ஆகிவிடும் என்று கேட்கவும் முடியவில்லை. நாலு வருஷம் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று ஹாலிலேயே சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார்கள். மாலை போட்டார்கள், பேசினார்கள். கூட்டம் கலைந்து எல்லோரும் இலை பக்கம் போனபோது மரகதம் என் அருகில் வந்து மாலையைக் கழற்ற உதவினாள். நீலக் கை. இனி நான் மேடம் இல்லை, கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"ஏன்த்தா அத விட்டுட்ட? ஆர்டரே வாங்கிக் குடுத்தோமே."

"போடணும்னு தோணல மேடம்."

"அதான் ஏன் தோணல? என் மண்டை வெடிச்சிரும் போல இருக்கு, சொல்லிரு."

அவள் மாலையை மடித்துக்கொண்டே யோசித்தாள். கோபமாக இல்லை, எனக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று தேடுகிற முகம்.

"முன்னாடி போட்டப்ப நான் யாரையும் கேக்கல மேடம். காலைல துணியப் பாப்பேன், இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்னு தோணும், போட்டுக்குவேன். நீங்க மாத்தச் சொன்னீங்க. மாட்டேன்னா வேலை போயிருமோன்னு பயம், அதான் வாயத் தொறக்காம மாத்திட்டேன். அப்புறம் போடலாம்னு பேப்பர் ஒட்டிட்டீங்க. ஒரு நாள் வீட்டுல எடுத்து மாட்டிக் கண்ணாடியப் பாத்தேன். சாப் போடச் சொன்ன ஜாக்கெட்டு மாதிரி இருந்துச்சு. என்னோடது இல்லையே மேடம் அது. கழட்டிட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"அய்யோ, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இந்தச் சோறு நீங்க போட்டது. அத நான் எம்புள்ளைங்ககிட்ட தெனமும் சொல்றேன். இது நீங்க கேட்டதால சொன்னது தானே. வாங்க, சாப்பாடு ஆறுது."

ஷீலா, இதுதான் நான் போட்ட சண்டை. கோட்டு வேண்டாம் என்று கட்டாயம் எழுதுங்கள், என் பெயரையும் சேர்த்துக்கொள். ஆனால் 'எங்களுக்குப் பிடித்ததை அணிய அனுமதி தர வேண்டுகிறோம்' என்று போன் பேசிய பிறகு நீ அனுப்பிய மனு நகலில் ஒரு வரி இருக்கிறது பார், அந்த இடத்தில் நாலு நாளாக என் பேனா நின்றுபோயிருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மரகதம் உனக்கு மூன்று கவுண்டர் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேட்டுப் பார். நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன், இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.